மூடாத வைரம்

பத்தாவது பந்து உட்காரவில்லை.

மற்ற ஒன்பதும் சாப்பாட்டு மேசையின் மேல் ஒழுங்காக நின்றன. எலுமிச்சை அளவு மரப்பந்துகள். கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பதால் அவை கார்பன் அணுக்கள். ஒவ்வொன்றிலும் நான்கு துளை. துளைகளில் குச்சி செருகி முதலில் ஆறு பந்துகளை வளையமாகக் கோக்க வேண்டும். வளையம் தட்டையாகப் படுக்காது. ஒரு பந்து மேலே, அடுத்தது கீழே என்று நெளிந்து நிற்கும். மேலே நிற்கும் மூன்று பந்துகளின் தலையில் ஆளுக்கொரு பந்து. அந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி உச்சியில் ஒன்று. வைரத்தின் மிகச் சிறிய துண்டு இதுதான். இதையே எல்லாப் பக்கமும் வளர்த்துக்கொண்டு போனால் மோதிரத்தில் பதிக்கிற கல்.

உச்சிப் பந்துக்குள் மூன்று குச்சிகள் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். இரண்டு நுழைந்தன. மூன்றாவது, துளைக்கு அரை விரல் தள்ளிக் காற்றைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் அழுத்தினாள். உச்சி உட்கார்ந்தது, ஆனால் அடியில் வேறொரு குச்சி பிடுங்கிக்கொண்டு மேசைக்கடியில் ஓடியது.

"போச்சா?" என்று முன்னறையிலிருந்து கணவர் கேட்டார். அவர் தையற்காரர். முன்னறைதான் கடை. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவார்.

"போச்சு."

"நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் நீ எங்கிட்டகூட இவ்வளவு பொறுமையா இருந்ததில்ல."

"நீங்க உருண்டையா இருக்கீங்களே தவிர, மரமா இல்லையே" என்றபடி அவள் மேசைக்கடியில் குனிந்து குச்சியைத் தேடினாள்.

சிக்கல் இதுதான். கார்பனின் நான்கு கைகளும் ஒன்றையொன்று தள்ளும். முகம் பார்க்கப் பிடிக்காத நான்கு உறவினர்களை ஓர் உருண்டையின் மேல் நிற்கச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் மற்ற மூவரிடமிருந்தும் முடிந்த மட்டும் தள்ளி நிற்கப் பார்ப்பார்கள். ஒருவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் விலகினால் இன்னொருவர் மேல் போய் இடிக்க வேண்டியிருக்கும். கடைசியில் யாரும் நகர முடியாத ஓர் ஏற்பாடு வந்து நிற்கும். அப்போது எந்த இரண்டு கைகளை எடுத்தாலும் நடுவில் சுமார் நூற்று ஒன்பதரைப் பாகைக் கோணம் இருக்கும். காகிதத்தில் இந்தக் கோணத்தைப் போடுவது ஒரு நொடி வேலை. உருண்டையின் மேல் கோணமானியை எங்கே வைப்பது? பந்துக்கு மூலை இல்லை, விளிம்பு இல்லை, மேல் கீழ் கூட இல்லை.

அவள் கணவரின் தையல் டேப்பை எடுத்துப் பந்தின் சுற்றளவை அளந்தாள். முதல் புள்ளியை உச்சியில் வைத்து, சுற்றளவில் பத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கி ஒரு வட்டம் போட்டு, அதை மூன்றாகப் பிரித்தாள். புள்ளிகள் சரியாகவே விழுந்தன. தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. புள்ளியில் டிரில்லை வைத்து அழுத்தும்போது அதன் முனை பந்தின் மையத்தை நோக்கிப் போக வேண்டும். மையம் மரத்துக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு பழகிய கையானாலும் கொஞ்சம் இப்படியோ அப்படியோ சாயும். ஆறு பந்து வளையம் மட்டும் என்றால் அந்தச் சாய்வை முறுக்கி விழுங்கிவிடும். வைரம் விழுங்காது. பத்துப் பந்துகளில் செய்த சின்னச் சின்னத் தப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, உச்சிப் பந்தில் வந்து நியாயம் கேட்கும்.

பள்ளிகளுக்கு அணு மாதிரிகள் செய்யும் அப்பாவின் பட்டறையில் இதற்கென்றே ஒரு ஜிக் இருந்தது. இரண்டு இரும்புக் கிண்ணங்கள் வாயோடு வாய் மூடிக்கொள்ளும் ஒரு கூடு. நடுவில் பந்து. கூட்டின் மேல் நான்கு எஃகுக் குழல்கள். குழல் வழியாக டிரில்லை விட்டால் அது மையத்தைத் தவிர வேறெங்கும் போக முடியாது. அப்பா யாரோ ஒரு கடைசல்காரரிடம் சொல்லிச் செய்து வாங்கியது. கடைசல்காரரும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். கூடு கையில் இருந்த வரை அதன் கணக்கை யாரும் கேட்கவில்லை.

இப்போது ஜிக் தம்பியிடம் இருந்தது. பட்டறையும் தம்பியிடம் இருந்தது.

துளை போடுவது எப்போதும் அவள் வேலை. விற்பது தம்பி வேலை. அவள் கல்லூரியில் வேதியியல் படித்தவள். பள்ளிகளுக்கு மாதிரிப் பெட்டிகளை அனுப்பும்போது தானே போய் ஆசிரியர்களுக்குக் கோத்துக் காட்டிவிட்டு வருவாள். ஆசிரியர்கள் அவளை 'அணு அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு அவள் வீட்டில் படுத்திருந்தபோது ஓர் அவசர ஆர்டர் வந்தது. தம்பி தானே துளை போட உட்கார்ந்தான். ஜிக்கைக் கீழே போட்டான். ஒரு குழல் சாய்ந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தியதாக நினைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பந்துகளைத் துளைத்து அனுப்பிவிட்டான். கட்டுப் பிரித்து அவள் பட்டறைக்குப் போனபோது சிமென்ட் தரையில் புதுப் பள்ளம் இருந்தது. குழலின் கழுத்தில் சுத்தியல் தடம் இருந்தது. பெட்டிகள் பள்ளிகளுக்குப் போய்விட்டன. எந்தப் பள்ளியிலும் வைரம் மூடவில்லை.

அறிவியல் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புகார் வந்தது. அவள் கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

"எங்க அக்காவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லைங்க. பாவம், கை வேற நடுங்குது. வேலையை விடுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா. இனிமே துளை போடறதை நானே பாத்துக்கறேன். இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க."

கூட்டம் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. யாருக்கும் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் எழுந்து பதில் சொல்லியிருப்பாள். எல்லாக் கண்களிலும் பரிதாபம் இருந்தது. பக்கத்தில் இருந்த ஓர் ஆசிரியை அவள் கையைப் பிடித்து, "உடம்பைப் பாத்துக்கங்க அக்கா" என்றார். பிடித்த கையை, நடுங்குகிறதா என்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

மறுநாள் பட்டறைக் கதவில் புதுப் பூட்டு.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதே கூட்டத்தில், அதே மைக்கில், துளை போட்டது தான் என்று அவன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனுக்கு அந்தப் பட்டறை இருக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் இதையே நினைத்தாள். அவன் முகம் விழப்போகும் விதத்தை நினைத்துப் பார்த்தால் அவளுக்குப் பசி எடுத்தது.

தனியாகப் பெட்டி செய்து அவனுடைய பள்ளிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துவிடுவது என்பது முதல் திட்டம். அதற்காகத்தான் சாப்பாட்டு மேசையில் இந்தப் பத்துப் பந்து. அங்கேயே அது முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நாள் காலையில், கெட்டுப்போன பந்துகளையெல்லாம் அவள் வரிசையாக நிறுத்தினாள். ஒரு பந்தில் மூன்று குச்சிகளைச் செருகினால் அது முக்காலி போல நிற்கும். நான்காவது குச்சி நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். அவளுடைய பந்துகளில் ஒன்று ஜன்னலைப் பார்த்தது, ஒன்று சுவரைப் பார்த்தது, ஒன்று கூரையைப் பார்த்தாலும் கால் ஒன்று அகட்டிக்கொண்டு நின்றது. குடித்துவிட்டு வந்த கூட்டம் மாதிரி இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

பிறகு சிரிப்பு நின்றது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுதுபொருள் கடைக்குப் போய், தம்பியின் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். அதிலிருந்த பந்துகளையும் முக்காலியாக நிறுத்தினாள். ஒவ்வொன்றிலும் மூன்று கைகள் கச்சிதம். நான்காவது மட்டும் சாய்வு. அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்ததும் எல்லாக் குச்சிகளும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்து நின்றன. அணிவகுப்பில் நிற்கிறவர்கள்கூட அவ்வளவு ஒற்றுமையாகத் தலை திருப்ப மாட்டார்கள்.

"என்னங்க, இங்க வாங்க."

கணவர் கழுத்தில் டேப்போடு வந்தார்.

"இது என் கை. இது அவனோட ஜிக்கு. என்ன வித்தியாசம்?"

அவர் இரண்டு வரிசையையும் பார்த்தார். "உன்னுது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தப்பு. அவனோடது எல்லாம் ஒரே தப்பு."

"கை நடுங்கினா எப்படி இருக்கும்?"

"உன்னுது மாதிரி." அவர் நிமிர்ந்தார். "அடேயப்பா. கத்திரி கோணினா எல்லாச் சட்டையும் ஒரே பக்கம் இழுக்கும். கை தப்பினா ஒரு சட்டைதான் போகும். இதைச் சொல்லு, போதும். மச்சான் மாட்டினான்."

"மாட்டினா மட்டும் எனக்குப் பத்தாது" என்றாள்.

அந்த வாரமே, கணவருக்குப் பித்தான்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்த சின்னப் பெட்டி. பந்துகளை எடுத்து வைக்க அவளுக்கு ஏதாவது ஒரு டப்பா தேவைப்பட்டது. ஒரு பந்தை உள்ளே போட்டாள். அது அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். ஒரு மூலையில் விரலை வைத்தாள், பிறகு இன்னொரு மூலையில். விரல்களால் எதையோ எண்ணுகிறவள் போல வெகுநேரம் நின்றாள்.

"ஏம்மா, அதுல நூல் போட்டு வைக்கலாம்னு இருந்தேன்" என்றார் கணவர்.

"இனிமே அது உங்களுக்குக் கிடையாது."

அன்று சாயங்காலத்துக்குள் உச்சிப் பந்து மூன்று குச்சிகளையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. அவள் வைரத்தைத் தூக்கித் தரையில் போட்டாள். அது ஒருமுறை குதித்து, முழுசாக நின்றது.

எப்படிச் செய்தாள் என்று கணவருக்கு மட்டும் காட்டினாள். அவர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்து ஊசி மெத்தையில் குத்திவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கே பெட்டி போட்டுடலாம். அவனைவிட நல்ல சரக்கு."

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுக்கு வரும் வரை.

அவன் ஆப்பிள் பையோடு வந்தான். வாசலிலேயே குரல் இனித்தது.

"மாமா, சௌக்கியமா?"

"வாப்பா. பாத்து உக்காரு, அங்கங்க ஊசி கிடக்கும்."

"அக்கா, கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது. எல்லாமே நல்லாத் தெரியுது."

அவன் சிரித்து வைத்தான். மேசை மேல் துணி போட்டு மூடியிருந்ததைப் பார்த்தான், கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையின் காதை முறுக்கிக்கொண்டே பேசினான்.

"அக்கா, அந்த ஜிக்கு இருக்கில்ல. அப்பா அதை எந்தக் கணக்குல பண்ணாருன்னு உங்கிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்காரா?"

"ஏன், ஜிக்குக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு அடிக்கலாம்னு."

"அடி. இருக்கறதை அளந்து அடிக்க வேண்டியதுதானே?"

அவன் பையின் காதை இன்னும் இறுக்கி முறுக்கினான். முன்னறையில் தையல் மிஷின் நின்றது.

"அளந்து பாத்துட்டான் போல" என்றார் கணவர் அங்கிருந்தே. "கோணலை அளந்தா கோணல்தானே வரும், மச்சான்?"

"நாலு கடைசல்காரன்கிட்ட குடுத்துட்டேன் மாமா. நாலு பேரும் அதே மாதிரியே பண்ணித் தர்றான். அச்சு அசலா." அவன் குரலில் முதல் முறையாக உண்மை இருந்தது. "அக்கா, வர்ற சங்கக் கூட்டத்துல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேத்து ஒரே ஆர்டர் முடிவு பண்றாங்க. இது போச்சுன்னா பட்டறை எந்திரிக்காது. நீ திரும்பி வந்துடு. உன் ஸ்டூல் அப்படியேதான் இருக்கு. ஏதாச்சும் தட்டிக் கொட்டிச் சரி பண்ணிக் குடு."

"வர்றேன்" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது.

"கூட்டத்துல மைக் இருக்குமில்ல? அதைப் பிடிச்சு, அந்தப் பெட்டிக்குத் துளை போட்டது நான், ஜிக்கைக் கீழ போட்டது நான், அக்கா அப்ப கண்ணுல கட்டோட படுத்திருந்தான்னு சொல்லு. நீ சொல்லி முடிச்ச நிமிஷம் நான் ஸ்டூல்ல உக்காந்துடறேன்."

"அக்கா, அதெல்லாம் முடிஞ்சு போன கதை."

"எனக்கு முடியல."

"இப்பப் போய் நானே என் வாயால அதைச் சொன்னா பட்டறைப் பேரு என்ன ஆவுது?"

"என் பேரு என்ன ஆச்சு?"

"உன் பேருக்கு என்னக்கா? நீ வீட்டுல இருக்கறவ. உன்னை யாரு கேக்கப்போறா?"

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். அவன் முகத்தில் அது தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று சில்லிட்டு உறைந்தது. கோபம்கூட இல்லை. கோபத்துக்கு அடுத்த இடம் அது.

"ஆப்பிளை எடுத்துட்டுப் போடா."

"ஏன், பழத்து மேல என்ன கோவம்?"

"உருண்டையா எதைப் பாத்தாலும் துளை போடத் தோணுது. எடுத்துட்டுப் போ."

அவன் போன பிறகு கணவர் வந்து மேசை மேல் இருந்த துணியை விலக்கினார். வைரம் அப்படியே நின்றது. "ஆர்டரை நீ வாங்கிடு. அவன் வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கட்டும்."

"நான் வாங்கினா ஊருக்கு ரெண்டு பட்டறை. ஒண்ணு என்னுது, ஒண்ணு அவனோடது. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒரு ஆளைப் பிடிச்சு, என் பெட்டியைப் பிரிச்சுப் பாத்து ஜிக்கை நிமித்திடுவான். மறுபடி கடை திறப்பான். மறுபடி மைக் பிடிப்பான்." அவள் ஒரு பந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "அவங்கிட்ட என்ன இருக்கு? திறமையா? கணக்கா? ஒண்ணும் இல்ல. வேற யாராலயும் இந்தத் துளையைப் போட முடியாதுங்கறது ஒண்ணுதான் இருக்கு. அதை எடுத்துட்டா?"

கணவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அடிப்பாவி" என்றார். "அப்ப நம்ம கடையும் இல்லையே."

"உங்க மிஷின் இருக்கில்ல."

"கடைசியில என் தலையிலதானா கட்டப்போறே?" என்று அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள அவளுடைய ரவிக்கையை அவரே இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

கூட்டம் ஒரு பள்ளியின் பெரிய மண்டபத்தில். ஆசிரியர்கள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே தம்பியின் மேசை. மேல் விரிப்பு, அதன் மேல் சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பந்துகள். சங்கத் தலைவர் ஒரு தலைமை ஆசிரியை. எதையும் தானே தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். அவர் நேராக மேசைக்கு வந்து, "வைரம் பண்ணிப் பாக்கறேன்" என்றார்.

தம்பி தண்ணீர் மூலக்கூறைக் காட்டினான், மீத்தேனைக் காட்டினான். அவர் கேட்கவில்லை. நின்றபடியே கோத்தார். ஒன்பது பந்துகள் ஏறின. உச்சிப் பந்தில் மூன்றாவது குச்சி காற்றைக் குத்தியது.

"போன தடவையும் இதேதானே?"

"அது மேடம்... அக்கா போட்ட பழைய சரக்கு கொஞ்சம் இதுல கலந்துடுச்சு. அவங்க கை—"

"என் கை இங்க இருக்கு" என்றாள் அவள்.

பின்வரிசையிலிருந்து நடந்து வந்தவளுக்கு ஆசிரியர்கள் வழிவிட்டார்கள். அந்தப் பழைய பரிதாபத்தோடுதான் விட்டார்கள். அவள் மேசையை அடைந்து, தம்பியின் பந்துகளில் நான்கு நான்காகக் குச்சி செருகி, கச்சிதமான மூன்றும் காலாக வரும்படி திருப்பி, முக்காலியாக வரிசையில் நிறுத்தினாள். கை நடுங்கவில்லை, ஆனால் அதை யாருக்கும் நிரூபிக்க அவள் அவசரப்படவில்லை.

"மேடம், நாலாவது குச்சியைப் பாருங்க."

தலைமை ஆசிரியை குனிந்தார். "எல்லாம் சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"எல்லாம் ஒரே பக்கம். ஒரே அளவு."

அவள் தன் பையிலிருந்து, வீட்டில் கையால் துளைத்துக் கெடுத்த பந்துகளை எடுத்து எதிர்வரிசையாக நிறுத்தினாள். "இது என் கையால, கண்ணை மட்டும் நம்பிப் போட்டது. கை தப்பினா இப்படித்தான் இருக்கும். ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா, அது கையோட தப்பு இல்ல. பந்தைப் பிடிச்ச கூட்டோட தப்பு. கூடு கீழ விழுந்து குழல் சாஞ்சிருக்கு. அது விழுந்தப்போ நான் கண்ணுல கட்டோட வீட்டுல படுத்திருந்தேன்."

நாற்காலிகள் நகர்ந்தன, பின்னாலிருந்தவர்கள் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்தார்கள். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இரண்டு வரிசைக்கும் நடுவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார்.

தலைமை ஆசிரியை தம்பியைப் பார்த்தார். "கூட்டைக் கீழ போட்டது யாரு?"

தம்பி மேசை விரிப்பை நீவி விட்டான். சுருக்கமே இல்லாத இடத்தை மறுபடி மறுபடி நீவினான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நான்தான்" என்றான். மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

போன கூட்டத்தில் அவள் கையைப் பிடித்த ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். தம்பியை விடவில்லை. அவன் முகம் அவள் நினைத்திருந்த விதத்திலேயே விழுந்திருந்தது. போதும் என்று தோன்றவில்லை.

"அக்கா," தலைமை ஆசிரியை அவள் தோளைத் தொட்டார், "எங்களை மன்னிச்சிடுங்க. சரியான பெட்டியை நீங்க பண்ணித் தருவீங்களா? ஆர்டரை உங்க பேர்லயே போட்டுடறோம்."

தம்பி நிமிர்ந்தான். அவன் கண்ணில் ஒரு நம்பிக்கை வந்ததை அவள் பார்த்தாள். ஆர்டர் அக்காவுக்குப் போனால் என்ன, அக்காவை எப்படியாவது சமாதானம் செய்துவிடலாம், குடும்பம்தானே என்கிற நம்பிக்கை.

"மாட்டேன்" என்றாள்.

"ஏன் அக்கா?"

"யாரும் பண்ணித் தர வேண்டாம். இனிமே யாருகிட்டயும் வாங்கவே வேண்டாம். நீங்களே பண்ணிக்கலாம், உங்க பசங்களே பண்ணிக்கலாம்." அவள் பையிலிருந்து பித்தான் பெட்டியை எடுத்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் தம்பிக்கு எது புரிந்ததோ, மேசையைச் சுற்றி ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். "அக்கா, வேண்டாம். அப்பா வெச்சுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதைச் சொல்லிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கும் ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"நானே மைக்கைப் பிடிக்கறேன். நான் இப்பவே எல்லாத்தையும் சொல்றேன். நீ கேட்டியே, அப்படியே சொல்றேன்."

"நான் கேட்டப்போ சொல்லியிருக்கணும். என்னை யாரு கேக்கப்போறான்னு சொன்னியே. பாரு, எவ்வளவு பேரு கேக்கறாங்க."

அவள் முழங்கையை விடுவித்துக்கொண்டு மேடையேறி மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

"எழுதிக்கங்க. நிதானமா சொல்றேன்.

"நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருக்கற பெட்டி ஒண்ணு வேணும். கெட்டி அட்டை போதும். பந்தை உள்ள வெச்சா ஆறு பக்கமும் சுவரைத் தொடணும், ஆடக் கூடாது.

"பெட்டிக்கு எட்டு மூலை. நமக்கு நாலுதான் வேணும். மேல் பக்கத்துல எதிரெதிர் மூலை ரெண்டு. கீழ்ப் பக்கத்துலயும் எதிரெதிர் மூலை ரெண்டு, ஆனா மேல எடுத்த மூலைக்கு நேர் கீழ இருக்கறதை எடுக்காதீங்க. மத்த ரெண்டை எடுங்க. இந்த நாலு மூலையும் ஒண்ணுக்கொண்ணு சம தூரம். கார்பனோட நாலு கையும் இந்த நாலு மூலையைத்தான் பாத்து நிக்குது. கோணமானி வேண்டாம்.

"அந்த நாலு மூலையோட நுனியை மட்டும் வெட்டி விடுங்க, டிரில் நுழையற அளவுக்கு. பெட்டி அகலமே இருக்கற வாயுள்ள ஒரு டம்ளரை எடுங்க. வெட்டாத மூலை ஒண்ணு கீழ பாக்கற மாதிரி பெட்டியை டம்ளர் வாயில நிறுத்துங்க. வெட்டின மூலை ஒண்ணு நேர் உச்சிக்கு வந்துடும். இப்ப உச்சி மூலை, பந்தோட மையம், கீழ் மூலை மூணும் ஒரே நேர்கோடு. மேலேருந்து செங்குத்தா இறக்கினா டிரில் மையத்துக்குத்தான் போகும். தெர்மாகோல் பந்துன்னா டிரில்கூட வேண்டாம், கம்பளி பின்னற ஊசி போதும்.

"துளை போட்டதும் அதுல ஒரு குச்சியைச் செருகிடுங்க, மூலை வழியா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும்; ஒவ்வொரு துளைக்கும் இப்படியே செஞ்சா பந்து உள்ள திரும்பாது. அப்புறம் அடுத்த மூலையை உச்சிக்குக் கொண்டு வாங்க. நாலும் முடிஞ்சதும் குச்சிகளை எடுத்துட்டுப் பெட்டியைத் திறங்க.

"பத்துப் பந்தை இப்படித் துளைச்சுக் கோத்துப் பாருங்க. வைரம் மூடும்."